பாம்பு சட்டை உரிக்கும்போது சூட்டைக் கூட்ட வேண்டுமா? உண்மை விளக்கம்

"வளர்ப்புப் பாம்பின் கண் வெளுத்தால் விளக்கின் சூட்டைக் கூட்டுங்கள், எண்ணெய் தடவுங்கள், சட்டை தானாகக் கழன்றுவிடும்" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது தவறு.

பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஊறும் நீர்மம்தான் கண்ணைப் பால் படர்ந்ததுபோல் காட்டுகிறது. சூட்டைக் கூட்டினால் கூண்டுக் காற்று உலரும். சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் அழுக்கைத்தான் சேர்க்கும்.

பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்புக்கு வெப்பத்தை மாற்றவே வேண்டாம். சூடான பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25–27 போதும். ஈரப்பதத்தை மட்டும் 70–80 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அதற்காகத் தரையைச் சொதசொதவென நனைத்து வைத்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகிவிடும். மூடியுள்ள டப்பாவில் பாம்பு நுழையும் அளவு துளையிட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைத் தேக்கி வைக்கும் பாசி) நிரப்பி, சூடான பக்கத்தில் வையுங்கள். தேவைப்படும்போது அதுவே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

உரிந்த சட்டையைத் தூக்கி எறியாமல் விரித்துப் பாருங்கள். தலைப்பகுதியில் கண்ணாடிச் சில்லுபோல் இரண்டு வட்டங்கள் இருக்க வேண்டும்; இவைதான் கண்களை மூடியிருந்த தோல். வால் நுனியும் முழுதாக இருக்க வேண்டும். வாலில் வளையமாகத் தங்கிய தோல் ரத்த ஓட்டத்தை நெரித்து நுனியையே அழுகச் செய்யும். அப்படித் தங்கியிருந்தால் பாம்பை வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் 20 நிமிடம், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, ஊறவிட்டு ஈரத்துண்டின் மடிப்புக்குள் ஊர விடுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். கண்ணை மூடிய அந்தத் தோல் கழலாமல் தங்கிவிட்டால் இடுக்கியோ ஒட்டும் நாடாவோ வேண்டவே வேண்டாம், அடியிலுள்ள கண்ணே சேதமாகும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.