ஏழடித் தடத்தில் அந்த வண்டிக்கு என்ன வேலை?

நேற்று மதியம் இரண்டு மணிக்கு மூட்டை கட்டிய காப்பிப் பழம் இரவு எட்டு மணிக்குத்தான் தோல் உரிக்கிற பல்ப்பர் மெஷினுக்குப் போனது. காப்பி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரித்தாக வேண்டும். மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அந்த வாடை கொட்டையில் ஏறிவிட்டால் எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. ஒரு வருஷம் பார்த்த மரம், ஆள் கிடைக்காமல் அலைந்து பிடித்த பதினொரு பேர், அவர்கள் காலையிலிருந்து எடுத்த பழம். எல்லாம் ஒரு பெரிய எஸ்யூவிக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தது.

எங்கள் தோட்டம் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம். தார் ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் மூன்று கிலோமீட்டர் மண் தடம். தாத்தா காலத்தில் குதிரையில் மூட்டை ஏற்றிவர வெட்டியது. அப்புறம் ஜீப் போகிற அளவுக்கு அகலப்படுத்தினார்கள். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் கல்கட்டு, அதற்குக் கீழே சரிவு. குறுகலான இடத்தில் டேப் வைத்து அளந்திருக்கிறேன். சரியாக ஏழு அடி, அதாவது 2,134 மில்லிமீட்டர்.

இப்போது கணக்குப் பாருங்கள். டாடா ஏஸ் அகலம் 1,500. பழைய வில்லிஸ் ஜீப் 1,575. இவை இரண்டும் தினமும் போய் வருகின்றன. ஜிம்னி 1,645, அதுவும் பிரச்சினையில்லை. பெரிய எஸ்யூவிகளில் ஃபார்ச்சூனர் 1,855. லேண்ட் க்ரூஸர் 300 என்றால் 1,980. பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு! 1,980 போக மிச்சம் பதினைந்து சென்டிமீட்டர், பக்கத்துக்கு ஏழரை. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ள சாண் கூட இல்லை. அந்த ஏழரைக்கு அந்தப் பக்கம் நூறு அடிச் சரிவு.

"ஃபோர் வீல் டிரைவ்ணா, எங்க வேணாலும் போகும்." நேற்று அந்த எஸ்யூவியில் வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். நாலு சக்கரமும் இழுத்தால் சேற்றில் பிடி கிடைக்கும், ஏற்றத்தில் ஏறும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியின் அகலம் அதனால் ஒரு அங்குலம் குறையுமா? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் குறையுமா? வில்லிஸில் அந்தத் தூரம் 2,032 மில்லிமீட்டர், லேண்ட் க்ரூஸரில் 2,850. தூரம் கூடக் கூட, வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தை விட்டு உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எங்கள் மூன்றாவது வளைவு ஓடையை ஒட்டி உள்வாங்கித் திரும்புவது. அங்கே பள்ளம் உள்பக்கம்தான். நேற்று அந்த எஸ்யூவியின் முன் சக்கரம் அழகாகத் திரும்பிவிட்டது, பின் சக்கரம் கல்கட்டின் மேல் ஏறியது. இரண்டு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி! வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் எப்படித் தாங்கும்? ஆறடி நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது.

மூட்டை ஏற்றிய எங்கள் ஜீப் அப்போது கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மலை ரோட்டில் இடம் போதாவிட்டால் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-லேயே சாலை விதிகளில் எழுதி வைத்தது இது. பாரத்தோடு ஏறுகிற வண்டியை நடு ஏற்றத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுப்பது என்ன பாடு என்று ஓட்டியவனுக்குத் தெரியும். எங்கள் டிரைவர் மாமா தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கத்தினார். "தம்பி, வளைவுக்கு முன்னாடியே நின்னுக்குங்க, அங்க எடம் இருக்கு." நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போகவேண்டிய இடம் கீழே ஓடையில் உள்ள சின்ன அருவி. மேப்பில் கோடு காட்டியதாம். ஒருவராவது இறங்கி அந்த வளைவு வரை ஐந்து நிமிஷம் நடந்து பார்த்திருந்தால் போதும். தார் ரோட்டு ஓரத்தில் நாலு கார் நிறுத்த இடம் இருக்கிறது. அருவிக்கு நடந்தே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், நான் கூடவே கூட்டிப் போயிருப்பேன்.

அப்புறம் வின்ச் வந்தது, மோட்டாரால் கம்பி வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கிற கருவி. இதுதான் இன்னும் வயிறு எரிகிறது. கம்பி வடத்தை நேராகக் கொண்டுபோய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் சுற்றினார்கள். அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் மோட்டார் இழுத்துவிட்டது. பட்டை உரிந்து, கொடி அடியிலேயே நசுங்கி அறுந்தது. மிளகுக் கொடி காய்க்கவே மூன்று, நான்கு வருஷம் ஆகும். அது நல்ல காய்ப்புக்கு வந்த கொடி, காய் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "செடிதானே அண்ணா" என்றார் அந்தப் பையன். எனக்குக் கை நடுங்கியது.

வண்டி வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. சக்கரம் சுழன்று தோண்டிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம். தடத்தில் நாங்கள் அங்கங்கே குறுக்காக மண்மேடு போட்டிருப்போம், மழைத்தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிட. அதில் இரண்டைச் சமதளமாக்கிவிட்டார்கள். இனி ஒரு மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும், மண்ணை அறுத்துக்கொண்டு போகும். 2018-இல் கஜா புயல் அடித்தபோது இந்தத் தடம் இப்படித்தான் அறுந்தது. அதைத் திரும்பப் போட எங்கள் பக்கத்து நாலு தோட்டக்காரர்களும் மண்வெட்டியோடு இருபது நாள் நின்றோம்.

போகும்போது வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்கள். மாமா வாங்கவில்லை. "கல்லைக் கட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று காலை பழம் எடுக்க வந்த ஆட்களில் நாலு பேரைக் கல்கட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மேல்பக்கத்து மரங்களில் பழம் பழுத்து உதிர ஆரம்பித்திருக்கிறது.