கால் நீளத்துக்கு ஒரு தண்ணீர்

போன தை மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நெல்லை மாவட்டம் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். கரையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நாற்பதடி தூரத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை மேய்ந்துகொண்டிருந்தது. அலகை முக்கால்வாசி தண்ணீருக்குள் விட்டு, லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, வலமும் இடமுமாக அரைவட்டம் அடிக்கிறது. ஒரு காலை முன்னால் நீட்டிச் சேற்றைக் கிளறிவிடுகிறது. கண் எங்கேயோ பார்க்கிறது.

"மாமா, அது மீனப் பாக்கவே இல்ல. பொறவு எப்படிப் பிடிக்கும்?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் அலகு படக்கென்று மூடியது. விரல் நீள மீன் ஒன்று துள்ளி, தொண்டைக்குள் போய்விட்டது. கலங்கல் தண்ணீரில் கண்ணால் தேடி ஒன்றும் ஆகாது. திறந்திருக்கும் அலகில் மீன் பட்டதும் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் ஆடு பத்திக்கொண்டு நின்ற பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: "தண்ணி இடுப்புக்கு மேல நின்னா இதுக எறங்காது தம்பி. முட்டளவுக்கு வத்தட்டும், அப்போ வந்து பாருங்க கூட்டத்த."

அவர் சொன்னதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பதிவும் அதனால்தான்.

கரையிலிருந்து குளத்துக்குள் பார்வையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஈரச் சேற்றில் சின்ன உள்ளான்கள் ஓடிக்கொண்டே கொத்தும். கணுக்காலளவுத் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான், சிவப்பு ஈர்க்குச்சி மாதிரிக் காலை வைத்துக்கொண்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும். முட்டளவில் நாரைகள். அதற்கும் அப்பால் ஆழத்தில் கூழைக்கடா, முங்கிப் பிடிக்கிற நீர்க்காகம், பாம்புத்தாரா. நத்தைகுத்தி நாரையின் அலகை மட்டும் கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தையை நொறுக்கத்தான் அந்த இடைவெளி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அலகு நுனியை ஓட்டுக்குள் விட்டு, தசையை அறுத்து, சதையை முழுசாக வெளியே இழுத்துவிடும்.

இதையெல்லாம் பார்த்ததும், "எட்டி எட்டிப் பார்த்துக் கால் நீண்டுபோச்சு" என்றுதான் நம்மில் பலருக்கும் சொல்லத் தோன்றும். அக்கா மகனும் அதையேதான் சொன்னான். அப்படி நடக்காது. நான் தினமும் கையைத் தூக்கித் தொங்கினாலும் என் பிள்ளைக்குக் கை நீளாது. ஒரே கூட்டத்திலேயே கொஞ்சம் நெட்டை, கொஞ்சம் குட்டை என்று ஏற்கெனவே வித்தியாசம் இருக்கும். பஞ்சம் வரும்போது எது தப்பிக்கிறதோ, அதன் குஞ்சுகள்தான் அடுத்த கூட்டம்.

இது கண்முன்னால் நடந்ததை அளந்து எழுதியிருக்கிறார்கள். பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்ற ஒரு சின்னப் பாறைத்தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் அங்கே குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மெத்தென்ற சின்ன விதைகளெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் மிஞ்சியது கெட்டியான முள் விதை. அது வேறொன்றுமில்லை, நெருஞ்சி. நம் களத்துமேட்டில் காலில் தைக்கிற நெருஞ்சிக்கு அக்கா தங்கச்சி முறை. அந்த முள்ளை உடைக்க முடிந்தது, தடித்த அலகுள்ள குருவிகளால் மட்டும்தான். மற்றவற்றில் பெரும்பகுதி செத்துப்போனது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் பழைய கூட்டத்தைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். அரிசிக் குருணை அளவுகூடக் கிடையாது. அந்தக் குருணையளவில்தான் அந்த வருஷம் உயிர் இருந்தது. அடுத்து பிறந்த குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. பிறகு 1983-ல் மழை கொட்டித் தீர்த்து, சின்ன விதைகள் மண்டியதும், காற்று மாறி அடித்தது. சின்ன அலகுக்கு நல்ல காலம் வந்தது.

ஆனால் எனக்கு அலகு, கால், சிறகு என்று உடம்போடு மட்டும் இந்தக் கதையை நிறுத்துவதில் சம்மதமில்லை. பாடப்புத்தகத்தில் அலகுப் படங்களை வரிசையாகப் போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள்மூக்கு நாரைக்கு அலகைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற பழக்கம் இல்லையென்றால் அவ்வளவு பெரிய அலகு என்னத்துக்கு? பல சமயம் பழக்கம்தான் முன்னால் போகிறது, உடம்பு பின்னால் வந்து சேர்கிறது என்பது என் கட்சி.

அதற்குச் சாட்சி ஐரோப்பாவில் இருக்கிறது. பிளாக்கேப் என்று ஒரு சின்னக் குருவி. ஜெர்மனிப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போவது அதன் வழமை. 1960-களிலிருந்து அதில் ஒரு பகுதி திசையை மாற்றி பிரிட்டனுக்குப் போக ஆரம்பித்தது. அங்கே தோட்டங்களில் மக்கள் தீனி வைக்கிறார்கள், குளிரும் முன்போல் கடுமையாக இல்லை. பீட்டர் பெர்தோல்ட் என்ற விஞ்ஞானியின் குழு அந்தக் குருவிகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வைத்தது. ஒருமுறைகூடப் பயணம் போகாத குஞ்சுகளும் தாய் தகப்பன் போன திசையையே நாடின. அந்தத் திசை ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. பின்னால் அளந்து பார்த்தபோது, பிரிட்டனுக்குப் போகிறவற்றின் சிறகு கொஞ்சம் உருண்டையாகவும் அலகு ஒடுங்கியும் இருந்தன. முப்பது தலைமுறைக்குள். போகிற வழி மாறியது, பின்னாலேயே உடம்பும் மாறத் தொடங்கிவிட்டது.

நம் கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்தும் இதே ரகம். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி இங்கே வந்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரில் இளைப்பாறுகிறது. அதன் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். அது உடம்பு. ஒரேயடியாக உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் பறக்காமல், மலை ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, தரையை ஒட்டியே பறக்கிறது. அது பழக்கம். கருவி மாட்டிப் பார்த்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நாங்குநேரிப் பக்கம் வந்து சேர்ந்திருக்காது.

இதற்கு நேர் எதிர், போக மறுக்கிற பறவை. களக்காடு முண்டந்துறைக்கு மேலே மேகம் தங்குகிற சோலைகளில், தரையோடு தரையாக இருட்டுக்குள் பூச்சி பொறுக்குகிற ஒரு நீலப் பறவை உண்டு. வயிறு வெள்ளை. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே ஆனைமலை, பழனிமலையில் இருப்பதும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஆனால் சோலையின் குளிரையும் நிழலையும் விட்டு அது வெளியே வராது. நாம் பேருந்தில் பேசிக்கொண்டே கடந்துவிடுகிற அந்தக் கணவாய் அதற்குக் கடல். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலக்காமல் யுகக்கணக்காகப் பிரிந்தே இருந்து, இரண்டும் வேறுவேறாகிவிட்டன. 2017-ல் நம் பக்கத்துப் பறவையைத் தனி இனம் என்று அறிவித்து, நம் மலையான அசம்பு மலையின் பெயரையே வைத்தார்கள்: அசம்பு சோலைக்கிளி. மரபணுவைப் படித்துத்தான் இதை உறுதிசெய்தார்கள். நம் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதைப் படிக்கிற நெல்லைக்காரர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம்?

இப்போது ஆடு பத்திய பெரியவர் பேச்சுக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாரினார்கள். வேண்டிய வேலைதான், நானும் அந்தக் குளத்துப் பாசனத்தில் நிலம் உள்ள ஆயக்கட்டுக்காரன், பிசான நெல்லுக்குத் தண்ணீர் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் ஜேசிபியை விட்டு நாலாபுறமும் செங்குத்தாக வெட்டி, குளத்தைத் தொட்டி மாதிரி ஆக்கிவிட்டார்கள். உள்வாயில், அதாவது தண்ணீர் வந்து பரவுகிற பக்கம், இருந்த சரிவு போயிற்று. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களும் போயிற்று. அந்த வருஷம் குளம் நிறைந்தது. நீர்க்காகம் வந்தது. நெடுங்கால் உள்ளான் ஒன்றுகூட இல்லை. அரிவாள்மூக்கன் இரண்டு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் பறவை போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நிறையத் தண்ணீர் இருந்தும் பறவை திரும்பிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எண்ணற்ற பஞ்சத்தையும் வெள்ளத்தையும் தாண்டி அந்தக் கால் அந்த நீளத்துக்கு வந்து நிற்கிறது. அது நிற்பதற்கென்று இருந்த அரையடித் தண்ணீரை நாம் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டோம். புதுக் கால் முளைக்க அதற்கு அவகாசம் எங்கே?

மடைப்பக்கம் வேண்டுமட்டும் ஆழம் வெட்டட்டும். உள்வாய்ப் பக்கம் பழைய சரிவை அப்படியே விடட்டும். நடுவில் ஒரு மண்திட்டு, அதில் நாலு கருவேலம். கூந்தன்குளத்துக்காரர்கள் தங்கள் வீட்டு மரத்திலேயே நாரையைக் கூடு கட்ட விட்டு, தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். நம்மால் ஒரு சரிவை விட முடியாதா?

அடுத்த குளமும் பட்டியலில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது கூட வருவதென்றால் சொல்லுங்கள். உள்வாயில் தண்ணீர் முட்டளவுக்கு வற்றுகிற அன்றைக்குப் போய், எந்த ஆழத்தில் எந்தப் பறவை நிற்கிறது என்று குச்சி நட்டு அளந்து எழுதிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அக்கா மகன் குச்சி பிடிக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.