மந்திரம் தோற்கவில்லை

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடரில் பஃபியின் காதலன் ஏஞ்சல் ஒரு இரத்தக்காட்டேரி; ஆன்மாவை இழந்து கொடியவனாகிவிடுகிறான். ஆன்மாவை மீட்கத் தோழி வில்லோ செய்த மந்திரம் தோற்றதால்தான், இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் பஃபி அந்தக் கொடிய ஏஞ்சலைக் கொன்றாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறு. அதுதான் அந்த அத்தியாயத்தின் உயிரே!

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முந்தைய அத்தியாயத்தில் வில்லோ செய்த முதல் முயற்சி, ட்ரூசில்லா என்ற இரத்தக்காட்டேரியின் கூட்டம் தாக்கியதால் பாதியில் கலைந்தது. 1998 மே 19 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே மறுபடி முயன்று வென்றுவிடுகிறாள். ஏஞ்சலின் கண்கள் ஒரு கணம் ஒளிர்கின்றன, மண்டியிட்டு விழுகிறான், என்ன நடந்தது என்றே தெரியாமல் பஃபியின் பெயரைச் சொல்லி அழைக்கிறான். வாள் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. இருவரும் தழுவிக்கொள்ளும்போது, பின்னால் அகாத்லா என்ற கல்லாய்க் கிடந்த பேயின் வாய் திறந்து, உலகையே நரகத்துக்குள் இழுக்கும் சுழல் விரிகிறது.

அந்தச் சுழலைத் திறந்தது ஏஞ்சலின் இரத்தம். மூடவும் அதே இரத்தம்தான் வேண்டும். அவன் நல்லவனாகிவிட்டானே என்று அது விட்டுவிடாது. ஆகவே முத்தமிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு வாளைப் பாய்ச்சுகிறாள். உலகைக் காக்க அவள் கொடுத்தது அரக்கனை அல்ல, திரும்பிக் கிடைத்த காதலனை.

இன்னொன்று: வில்லோ மீண்டும் முயல்கிறாள் என்ற செய்தியைப் பஃபியிடம் சொல்லாமல் மறைத்தவன் அவள் நண்பன் சாண்டர். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.