எதுதான் ஒரு இன்ச்?

மூன்று வாரம் ஆகிவிட்டது. 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் தொட்டி வாங்கி வைத்து, இன்னும் ஒரு மீனைக்கூட விட முடியவில்லை. எல்லாம் இந்த பைப் வேலையால்தான். வயிறு எரிகிறது!

தொட்டியிலிருந்து கீழே சம்ப்புக்கு (வடிகட்டும் கீழ்த்தொட்டி) தண்ணீர் இறங்கும் பல்க்ஹெட்டில் (கண்ணாடித் துளையில் பைப்பைப் பொருத்தும் பாகம்) ‘1 இன்ச்’ என்று போட்டிருந்தது. ‘1 இன்ச்’ பைப் கேட்டு வாங்கினேன். செருகினால் லொடலொடவென்று ஆடுகிறது. அளந்து பார்த்தேன். இன்ச் கணக்கில் செய்யும் 1 இன்ச் பைப்புக்கு வெளிவிட்டம் 33.4 மி.மீ. என் கையில் இருந்தது மெட்ரிக் பைப், 32 மி.மீ. அதையும் 1 இன்ச் என்றே விற்கிறார்கள். அந்த 1.4 மி.மீ. இடைவெளியை எந்தப் பசையும் அடைக்காது.

சரி, திரெட் (திருகு புரி) போட்ட அடாப்டர் வாங்கலாம் என்று போனால் அது இதைவிட மோசம். 1 இன்ச்சிலேயே இரண்டு வகைத் திரெட் இருக்கிறது. பிரிட்டிஷ் முறையான பி.எஸ்.பி. என்றால் ஒரு இன்ச்சுக்கு 11 புரி, அமெரிக்க முறையான என்.பி.டி. என்றால் பதினொன்றரை. புரியின் கோணமும் வேறு. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகி நின்றுவிடும். சரியாகப் பொருந்திவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றினேன். தொட்டி நிரம்பிய பிறகு சொட்டு, சொட்டு, சொட்டு. பாகத்தின் மேல் அந்த மூன்று எழுத்தை அச்சடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

வெளியே சிலிக்கான் பூசு என்று சொல்லாத ஆள் இல்லை. பி.வி.சி.யில் சிலிக்கான் ஒழுங்காக ஒட்டாது, தயவுசெய்து யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள்! பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் தொட்டிக்கு உள்பக்கம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வர வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. நான் நட் பக்கம் போட்டிருந்தேன். அதற்காக இன்னொரு முறை 600 லிட்டருக்கு மேல் தண்ணீரை இறைத்துக் கொட்டினேன்.

உச்சம் போன ஞாயிறு. பம்ப்பை நிறுத்தினேன், மேலே இருந்த தண்ணீர், சம்ப்பிலிருந்து தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பைப் வழியாகவே திரும்பி இறங்கி, சம்ப் நிரம்பித் தரையெல்லாம் வெள்ளம். இந்தத் தொட்டியில் 1 செ.மீ. தண்ணீர் என்றால் 10.8 லிட்டர். பைப்பின் வாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தது. 54 லிட்டர்! தண்ணீரைத் திரும்பி வர விடாத செக் வால்வு இருக்கிறது, பயமே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதன் மடலில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். ரிட்டர்ன் வாயைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வைத்து, அந்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் காற்று புக ஒரு சிறு துளை போட்டிருந்தால் போதும். செலவே இல்லாத இந்த ஒரு வரியை விற்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?

மூன்றாவது முறையாகத் தொட்டி காலியாக நிற்கிறது. ஒட்டிய பைப்பையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டேன். இனி மி.மீ. அளவும் திரெட் வகையும் பொறிக்காத எந்தப் பாகத்துக்கும் காசு தர மாட்டேன்.