மஞ்ச ஜெட்ட பத்தி கொஞ்சம் பேசணும்

போன வாரம் டோக்கியோவுல நகானோ பிராட்வேல ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஜெட் ரோபோ பொம்மை வாங்குனேன், மஞ்சக் கலர், பேரு சன்ஸ்டார்ம். அத பத்தி பொம்மை சேர்க்குற நண்பர் ஒருத்தர்கிட்ட போன்ல பேசும்போது "அது ஸ்டார்ஸ்க்ரீமுக்கு மஞ்சக் கலர் ஊத்தி வித்தது தானே, அதுக்குப் போயா காசு குடுத்த"ன்னு கேட்டார். ஸ்டார்ஸ்க்ரீம்ங்கிறது அதே வரிசைல வந்த இன்னொரு ஜெட். எனக்கு அப்போ சரியா பதில் வரல. ஒரு வாரமா மனசுக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நாங்க இருக்குறது நிஷி-கசாய். அங்க இருந்து டோசாய் லைன்ல ஏறுனா எங்கயும் மாறாம கடைசி வரைக்கும் உக்காந்துட்டே போனா நகானோ. ஸ்டேஷன விட்டு வெளிய வந்து கடைத்தெருவுக்குள்ளயே நேரா நடந்தா பிராட்வே கட்டடம், மேல மாடிகள்ல சின்னச் சின்னதா பழைய பொம்மைக் கடைங்க. ஒரு கண்ணாடி அலமாரியில கீழ் தட்டுல தான் இவன் நின்னுட்டு இருந்தான், சன்ஸ்டார்ம். பெட்டி கிடையாது, ஸ்டிக்கர் யாரோ ஏற்கனவே ஒட்டிட்டாங்க, இடது இறக்கைல கொஞ்சம் கோணலா இருக்கு. வலது கை முஷ்டி இல்லன்னு சீட்டுல தெளிவா எழுதி ஒட்டியிருந்தாங்க, அதனால விலையும் எனக்கு எட்டுற அளவுல இருந்துச்சு. ஜப்பான்ல பழைய பொம்மைக் கடைங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, எது இல்ல, எங்க கீறல்னு அவங்களே எழுதி வச்சிருவாங்க.

தெரியாதவங்களுக்காக கதைய முதல்ல இருந்து சொல்றேன். டகாரா கம்பெனி 1980-ல டயாக்ளோன்னு ஒரு பொம்மை வரிசை ஆரம்பிச்சாங்க. அதுல ரோபோவுக்கு உயிர் கிடையாது, உள்ள உக்காந்து ஓட்டுறதுக்கு ஒரு இஞ்ச் உயரத்துல, கால்ல காந்தம் வச்ச குட்டி பைலட் வருவான். 1982-ல நிஜக் கார்கள் ரோபோவா மாறுற மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே எஃப்-15 போர் விமானமும் வந்துருச்சு. இந்தப் பொம்மைங்கள தான் அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோ எடுத்து, பைலட்ட தூக்கிட்டு, ரோபோவுக்கே உயிரும் பேரும் குடுத்து, 1984-ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ்னு இறக்குனாங்க. நிறைய பேருக்குப் பேரும் குணமும் எழுதுனவர் மார்வெல்ல வேலை பார்த்த பாப் புடியான்ஸ்கி.

அந்த முதல் வருஷத்துலயே எஃப்-15 ஒண்ணா வரல, மூணா வந்துச்சு. சாம்பல் கலர்ல சிவப்பும் நீலமும் கலந்தா ஸ்டார்ஸ்க்ரீம், நீலமா இருந்தா தண்டர்கிராக்கர், கருப்பும் ஊதாவுமா இருந்தா ஸ்கைவார்ப். மூணு பேருக்கும் ஒரே அச்சு. காருங்கள்லயும் இப்படித்தான். நிஸான் வேன் ஒண்ணு, சிவப்பா இருந்தா அயர்ன்ஹைட், வெள்ளை ஆம்புலன்ஸா இருந்தா ராட்செட். ஃபேர்லேடி இசட் கார் ஒண்ணு, அதுல பிரவுல், புளூஸ்ட்ரீக், அடுத்த வருஷம் ஸ்மோக்ஸ்க்ரீன். லம்போர்கினி கவுன்டாக் கார்ல சிவப்பு சைட்ஸ்வைப், 1985-ல அதையே தீயணைப்பு அதிகாரி வண்டியாக்கி ரெட் அலர்ட். அதே 1985-ல இந்த எஃப்-15 அச்சுல இறக்கைய மாத்தி, தலைக்குப் பின்னாடி மடங்குற மூக்குக் கூம்ப மடக்காம அப்படியே மேல நிக்க விட்டு ராம்ஜெட், த்ரஸ்ட், டர்ஜ்னு இன்னும் மூணு பேர். அப்போ எனக்கு ஒண்ணு தான் புரியல, ரீகலர்னா, அதாவது அதே அச்சுல கலர மட்டும் மாத்துனா, மட்டம்னு சொல்ற அதே ஆளு வீட்டு ஷெல்ஃப்ல ஸ்கைவார்ப்ப நடு இடத்துல நிறுத்தி வச்சிருக்காரு, அவன் மட்டும் என்ன? இந்தப் பொம்மை வரிசை பொறந்ததே கலர் மாத்துன கையால தான். ஸ்கைவார்ப்ப சின்ன வயசுல பார்த்தோம், சன்ஸ்டார்ம பெரியவனானப்புறம் பார்த்தோம், அவ்ளோதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

சன்ஸ்டார்ம் எங்க இருந்து வந்தான்னு பாருங்க, எனக்கு அவன் மேல இவ்ளோ பாசம் வந்ததே அதனால தான். 1984 செப்டம்பர்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனோட முதல் எபிசோட், இந்த ரோபோங்களோட சொந்த கிரகமான சைபர்ட்ரான்ல நடக்குற சீன்ல கும்பலா ஜெட்டுங்க வரும், அதுல ஒண்ணு மஞ்சளும் ஆரஞ்சுமா இருக்கும். பேர் கிடையாது, வசனம் கிடையாது, கும்பல் பெருசா தெரியணும்னு ஓவியர்கள் பூசுன கலர் அது. அந்தக் கலர்ல அப்போ பொம்மையும் வரல. அதுக்கு 19 வருஷம் கழிச்சு 2003-ல, இ-ஹாபின்னு ஜப்பான்ல ஒரு ஆன்லைன் கடைக்காக டகாரா அந்தப் பழைய ஸ்டார்ஸ்க்ரீம் அச்ச மறுபடி எடுத்து, அந்தக் கும்பல்ல நின்னவனோட கலர்ல ஊத்தி, ஒரு பேரும் வச்சாங்க. கொஞ்ச நேரம் ஸ்க்ரீன்ல வந்துட்டுப் போன ஒருத்தன யாரோ ஞாபகம் வச்சிருந்து, "இவனுக்கு ஒரு உடம்பு குடுப்போம்"னு நெனச்சிருக்காங்க. இத போய் எப்படி வெறும் பெயிண்ட் வேலைன்னு சொல்றது? அதே முதல் சீசன்ல அமில மழை பெய்ய வைக்கிற மூணு ஜெட்டுங்க பச்சை, மஞ்சள், நீலம்னு வருவாங்க, அவங்களுக்கும் ஆசிட் ஸ்டார்ம், நோவா ஸ்டார்ம், அயான் ஸ்டார்ம்னு பேரும் பொம்மையும் கிடைக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

இ-ஹாபிக்கு அந்தக் காலத்துல வந்த இன்னும் சிலதுக்கும் இந்த மாதிரி ஒரு காரணம் இருக்கும். ரோட் ரேஜ்னு ஒண்ணு, கார்வெட் காரா மாறுற டிராக்ஸ்ங்கிற ரோபோவோட சிவப்பு ரீகலர், அது சும்மா எடுத்த சிவப்பு இல்ல, டயாக்ளோன்ல அந்தக் கார் வந்த கலரே அது தான். கிளாம்ப்டவுன்னு போலீஸ் கவுன்டாக், அதுவும் டயாக்ளோன் கலர். அதாவது பார்க்குறதுக்குப் புது ரீகலர், ஆனா உண்மையில அந்த அச்சோட பழைய சட்டைய எடுத்து மறுபடி போட்டு விட்டிருக்காங்க. எனக்கு நல்ல ரீகலர்னா இது தான். இந்தக் கலர் ஏன்னு கேட்டா பொம்மை கிட்ட ஒரு பதில் இருக்கணும். எது ஹிட் ஆனாலும் அத ஒரு தடவை கருப்புல ஊத்தி, பேர்ல ஒரு வார்த்தை சேர்த்து, லிமிடெட்னு பெட்டில போட்டு விக்கிறது எனக்கும் பிடிக்காது, அந்தக் கோவத்துல நண்பர் சொன்னது நியாயம் தான். ஆனா அந்தக் கோவத்த இவன் மேல காட்டக்கூடாது.

சரி, பொம்மைய கையில எடுத்தா எப்படி இருக்கு? இங்க தான் நான் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்துச்சு. இந்த அச்ச எனக்கு நல்லாத் தெரியும்னு நெனச்சிருந்தேன், என்கிட்ட ஸ்டார்ஸ்க்ரீம் ரீஇஷ்யூ, அதாவது பழைய அச்சுல மறுபடி வெளியிட்டது ஒண்ணு பல வருஷமா இருக்கு. ஆனா அத பார்க்கும்போது கண்ணு சிவப்பு, நீலம், சாம்பல்னு அந்தக் கலர் பிரிவ தான் பார்க்கும், முகத்தப் பார்த்ததும் ஸ்டார்ஸ்க்ரீம்னு மூளை முடிச்சிரும், அதுக்கு மேல பார்க்காது. இவன் மஞ்சளா, புதுசா நிக்கவும், முதல் தடவையா அச்சு கண்ணுக்குத் தெரியுது. தோள் பக்கத்துல காத்து உள்ள போற அந்தப் பெட்டி எவ்ளோ சரியா எஃப்-15 மாதிரி சாஞ்சிருக்கு, இறக்கைல தகடு கோடுங்க எவ்ளோ மெலிசா போகுது, விமானத்தோட பின்பாதி அப்படியே ரெண்டு காலா நிக்கிறப்போ அடியில எஞ்சின் வாய் ரெண்டும் பாதத்துக்குப் போயிருது, இதெல்லாம் நான் இத்தன வருஷம் வச்சிருந்தும் நின்னு பார்த்ததில்ல. காக்பிட் மூடியத் தொறந்தா உள்ள உக்கார இடம் இருக்கு. டயாக்ளோன் பைலட்டுக்குன்னு செஞ்ச இடம். உயிருள்ள ரோபோன்னு ஆனப்புறமும் அந்த இடத்த அடைக்கல, இன்னி வரைக்கும் காலியாவே வருது. அத தொறந்து மூடி தொறந்து மூடி ஒரு ராத்திரி போச்சு எனக்கு.

குறையும் சொல்லணும். முழங்கால் மடங்காது, கை மேல கீழ சுத்துறதோட சரி. இறக்கை, வால், ஏவுகணை, முஷ்டி எல்லாத்தையும் கழட்டி மாட்டுனா தான் மாறும், அதனால தான் பழைய ஜெட்டுங்கள்ல முக்கால்வாசிக்கு ஏதாவது ஒண்ணு தொலைஞ்சே இருக்கும், என்னுதும் அப்படித்தான். இப்ப வர்ற பொம்மைங்க பக்கத்துல வச்சா நிக்கிறது கட்டை மாதிரி இருக்கும். ஆனா அது 1983-ல வரைஞ்சது, அந்தக் கணக்குல பார்த்தா எனக்கு அதுல வருத்தமே இல்ல.

கலர் மாறுனா பரவாயில்ல, உருவத்துல கைய வைக்காத வரைக்கும் எனக்கு சம்மதம். 2002-ல அமெரிக்காவுக்கு, லாரியா மாறுற ஆப்டிமஸ் பிரைம் ரீஇஷ்யூ வந்தப்போ பாதுகாப்பு விதிக்காக லாரியோட புகைக்குழாய குட்டையா வெட்டிட்டாங்க. கலர் எல்லாம் பழைய கலர் தான், சிவப்பும் நீலமும் அப்படியே இருக்கு, ஆனா பார்த்த உடனே ஏதோ மொட்டையா தெரியும். குழந்தைங்க கண்ணுல குத்திரக்கூடாதுன்னு செஞ்சது, அத நான் தப்பு சொல்லல, ஆனா "ஒரிஜினல் கலர், அதனால ஒரிஜினல்"னு வாதாடுறவங்க அத ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பார்க்கணும். என் கண்ணுக்கு அந்தப் பிரைம விட இந்த மஞ்சப் பயல் தான் 1984-க்கு பக்கத்துல இருக்கான்.

இன்னொன்னு, ரீகலர்னா வெறும் நிறம் தானேன்னு நெனைக்காதீங்க, நிறம் மாறுனா பிளாஸ்டிக்கே மாறும். கலர் பொடிய பொறுத்து ஆறும்போது சுருங்குற அளவு மாறும், ஒரே அச்சுல வந்த ரெண்டு பொம்மைல ஒண்ணு இறுக்கமாவும் ஒண்ணு லொடலொடன்னும் இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். இதுல மோசமான உதாரணம் பிளாக் ஜராக். 1987-ல வந்த ஸ்கார்போனாக்ங்கிற ரோபோவ ஜப்பான்ல 1988-ல கருப்பும் தங்கமுமா மாத்தி விட்டாங்க, பார்க்க ராஜா மாதிரி இருப்பான், ஆனா உலோகத் துகள் கலந்த அந்தத் தங்கப் பிளாஸ்டிக் வருஷம் போகப் போக பொறை பிஸ்கட் மாதிரி உதிரும். பெட்டிய தொறக்காம வச்சிருந்தாலும் உதிரும். அதனால தங்கக் கலர்ல சுழி சுழியா மினுங்குற பழைய பொம்மை எதையாவது வாங்கப் போறீங்கன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க, வாங்கிட்டா மாத்திப் பார்க்காதீங்க. சன்ஸ்டார்ம்ல அந்தப் பிளாஸ்டிக் இல்ல, நல்லா கெட்டியா இருக்கான், மூட்டு எதுவும் தளரல.

விலை விஷயத்துல மட்டும் எனக்கு நண்பரோட முழுசா ஒத்துப்போகுது. எஃகு அச்சு செய்யத்தான் பெரிய செலவு, அது 1983-லயே செஞ்சாச்சு. ஒரே ஒரு கடை, கொஞ்சம் எண்ணிக்கைன்னு வித்தா வேணும்கிறவன் கைக்கு வராது, அடுக்கி வச்சு ரெண்டு வருஷம் கழிச்சு விக்கிறவன் கைக்குத் தான் போகும். அந்த மாதிரி விக்கிறது மேல எனக்கு உண்மையிலயே கோவம் இருக்கு. கும்பல்ல பேரில்லாம நின்னவனுக்குப் பேர் குடுத்துட்டு, அவனையும் ஆயிரத்துல ஒருத்தனுக்குத் தான் கிடைக்கும்னு ஆக்குறது மனசுக்கு ஒப்பல.

சின்ன வயசுல சென்னைல என் கைக்கு இந்த ஜெட்டுங்க எதுவும் வரல. வந்ததெல்லாம் ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மைங்க. ஹாஸ்ப்ரோ அச்சு தான், ஆனா கலர் வேற மாதிரி இருக்கும், வெளிநாட்டுல பச்சையா வந்தது இங்க வேற ஏதோ கலர்ல வரும். அப்போ எனக்கு அது தான் சரியான கலர், வேற ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இன்னைக்கு அமெரிக்கக் கலெக்டர்ஸ் அந்தக் கலருக்காகவே அத தேடி வாங்குறாங்க. ரீகலர் என்னால மட்டமா நெனைக்க முடியாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், நான் விளையாடி வளர்ந்ததே அதுல தான்.

இப்போதைக்கு வலது கைக்கு, வேற ஒரு உடைஞ்ச ஸ்டார்ஸ்க்ரீமோட நீல முஷ்டிய மாட்டி விட்டிருக்கேன். அச்சு ஒண்ணு தானே, டக்குன்னு உள்ள போய் உக்காந்துருச்சு, துளி கூட ஆடல. மஞ்ச உடம்புல நீலக் கை. என் பையன் அப்படியே இருக்கட்டும்னு சொல்றான், எனக்கு இன்னும் மனசு கேக்கல. யார்கிட்டயாவது சன்ஸ்டார்மோட வலது முஷ்டி உபரியா இருந்தா சொல்லுங்க, நியாயமான விலைக்கு எடுத்துக்கிறேன், தபால் செலவும் என்னுது.