கருமலமும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும்: பரவும் செய்தி தவறானது

“இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு மலம் கருப்பாகப் போனால் அது மாத்திரையின் பக்கவிளைவு மட்டுமே; ஒரு வாரம் நிறுத்தினால் சரியாகிவிடும், எண்டோஸ்கோபி வீண்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது உயிருக்கே ஆபத்தான அறிவுரை; கருமலம் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம்.

வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் புதிதாகப் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள வயிற்றுப்புண், குடலில் வளர்ந்த சதை, பலவீனமான இரத்தக்குழாய், சில வேளைகளில் புற்றுநோய் ஆகியவற்றிலிருந்து கசியும் இரத்தத்தை எளிதில் நிற்கவிடாமல் செய்து, மறைந்திருந்த நோயை வெளிக்காட்டுகின்றன. எனவே காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். வாய்வழியாகக் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபியிலும், ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியிலும் எதுவும் தெரியாவிட்டால், சிறுகுடலைக் காண, மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கிச் செய்யும் கேப்சூல் எண்டோஸ்கோபி இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை வீட்டிலிருந்தபடி முடிவுசெய்ய இயலாது.

தாமாக மருந்தை நிறுத்துவது இன்னும் கொடியது. அபிக்சபான், ரிவராக்சபான் ஆகியவற்றுக்கான அமெரிக்க மருந்துக் குறிப்பில், முன்கூட்டியே நிறுத்தினால் இரத்தக்கட்டி அபாயம் கூடும் என்ற எச்சரிக்கை கட்டமிட்டே அச்சிடப்பட்டுள்ளது. யாரும் படித்துப் பார்க்கலாம். மாரடைப்பு மீண்டும் வராமலிருக்க ஆஸ்பிரின் எடுப்பவருக்குக் குடலில் இரத்தம் கசியும்போதும் அதை நிறுத்த வேண்டாம் என்றே அமெரிக்க, கனடிய இரைப்பைக் குடலியல் அமைப்புகளின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

கருமலம், இரத்த வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் மாத்திரைப் பட்டியலுடன் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அடுத்த வேளை மருந்தைப் பற்றி மருத்துவரே முடிவுசெய்யட்டும். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.