கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்

பழைய படங்களை எச்டியில் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, அதையும் துடைத்திருக்கலாமே என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அது அழுக்கு இல்லைங்க, கறுப்பு வெள்ளை பிலிமில் படம் பதிவதே வெள்ளித் துகள்களில்தான், அதைக் கணினியில் அழுத்தித் துடைத்தால் கூடவே முகச் சுருக்கம், புடவை நெசவு எல்லாம் போய் நடிகர்கள் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள். கீறலையும் தூசியையும் எடுக்கட்டும், அது வேறு.

1964இல் வந்த கர்ணனைப் புதுப்பித்து 2012இல் மறுபடி வெளியிட்டபோது அப்பாவோடு தியேட்டரில் பார்த்தேன். இடைவேளை வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நினைப்பில்தான் வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கினேன், போட்டுப் பார்த்தால் பழைய படம் எல்லாம் சாயங்கால சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது! நொடிக்கு 24 பிரேம் (அசையாத தனிப் படம்) உள்ள படத்தில் டிவியே நடுவில் இல்லாத பிரேம்களைச் செருகுகிறதாம், செட்டிங்கில் 'மோஷன்' என்று இருப்பதை அணைத்த பிறகுதான் சினிமா சினிமாவாகத் தெரிந்தது.

அப்புறம் அகல டிவியில் ஓடும் அந்தக் கிட்டத்தட்டச் சதுரமான பழைய படங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே, காசு கொடுத்து வாங்கிய டிவி வீணாகிறதே என்று அம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை அகலமாக இழுத்துவிடுவார், கதாநாயகி முகம் பூரி மாதிரி உப்பிவிடும். நான் சரிசெய்வேன், தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் மறுபடியும் பூரி.